சுரங்கம் சிதைத்த நிலமும் நம் மலைநாட்டு மரங்களும்

ஆண்டு மலரில் வரலாறு என்ற தலைப்பைக் கண்டவுடன், பல்லவரையும் சோழரையும் விசயநகர வேந்தரையும் பற்றிய கட்டுரையை எதிர்பார்ப்பது அன்பர்களின் வழக்கம். சந்திரகிரிக் கோட்டைக்கு அருகிலும் திருவேங்கட மலையின் அடியிலும் குடியிருக்கும் நமக்கு அத்தகைய பொருள்களுக்குக் குறைவில்லை. எனினும், இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. மண்ணை ஆண்டவர்களின் வரலாற்றை விடுத்து, அந்த மண்ணுக்கே நேர்ந்த வரலாற்றைச் சொல்லத் துணிகின்றோம். தோண்டிப் பாழான நிலத்தில் எந்தச் செடியை நடுவது என்பதே நம் கேள்வி. கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆயினும், இதற்குத் தவறான விடை கூறியதன் பயனை நம் இருப்புப் பாதையின் இருமருங்கும் நாள்தோறும் காண்கின்றோம்.

முதற்கண் இடத்தை அறிதல் வேண்டும். சித்தூர், ஆங்கில ஆட்சியில் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராய் விளங்கிய ஊர். 1911ஆம் ஆண்டில் வட ஆர்க்காடு, கடப்பை, நெல்லூர் ஆகிய மூன்றிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைத்தனர். 1953ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அது ஆந்திரத்தைச் சேர்ந்தது. 1960ஆம் ஆண்டில் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு மாறியது. 2022ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இவ்வாறு எல்லைக்கோடு பல முறை இடம் மாறிற்று, மலை மாறவில்லை. மலையில் முளைக்கும் செடிக்கு எல்லை ஏது? நாம் ஆவாரை என்பதை அண்டை வீட்டார் தங்கேடு என்பர். நாம் ஆச்சா என்பதை அவர் நாரேபி என்பர். நாம் விராலி என்பதை அவர் பந்தாரு என்பர். பெயர் இரண்டு, செடி ஒன்றே.

தோண்டியவை எவை?

இப்பகுதியின் காடுகள் குறைந்த கதையில் நம் ரெயிலின் பங்கு சிறிதன்று. 1864ஆம் ஆண்டில் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குப் பாதை திறந்தது. 1871ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து ரேணிகுண்டா, கடப்பை வழியாக ரெய்ச்சூர் வரை வண்டி ஓடலாயிற்று. அந்நாளைய எஞ்சின்கள் விறகை எரித்து ஓடின. தண்டவாளத்தின் கீழ்க் கிடந்த கட்டைகளும் காட்டு மரங்களே. காடு குறைந்த இந்த நிலத்தின்மீதுதான் சுரங்கமும் வந்து சேர்ந்தது.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார் தங்கவயலில் இறங்கினர். 1894ஆம் ஆண்டில் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம் வரை கிளைப்பாதை போடப்பட்டது. அந்தப் பாதை வழியே வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் சென்று, பூமியின் அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான இடங்களில் உழைத்தன. கோலாரில் ஓடும் அதே பொன் தாங்கிய பாறைத்தொடர் தெற்கே நம் சித்தூர் மாவட்டத்துக் குப்பம் பகுதியிலும் நீள்கின்றது. குப்பத்துக்கும் பங்காருப்பேட்டைக்கும் இடையே பிசாநத்தம் என்ற ஸ்டேஷனைக் காணாதவர் நம்முள் சிலரே. அங்கும், அடுத்துள்ள சிகர்குண்டாவிலும் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் பொன் எடுத்து வந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் இறுதியோடு தங்கவயற் சுரங்கங்கள் மூடப்பட்டன, இவையும் ஓய்ந்தன.

பொன் போயிற்று, எஞ்சியது மண். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்த நீரில் பொன்னைக் கரைத்தெடுக்கும் முறைக்கு 1887ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்தார் உரிமை பெற்றனர். அம்முறை விரைவில் தங்கவயலுக்கும் வந்தது. அரைத்துக் கழித்த மண்ணை மலை மலையாகக் குவித்தனர். தங்கவயலில் அவ்வாறு குவிந்த மேடுகள் 13. பரப்பு ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேல். எடை சுமார் 3 கோடியே 30 இலட்சம் டன். நூற்றிருபது ஆண்டுகளில் அங்கு எடுத்த தங்கமோ ஏறத்தாழ 800 டன். கணக்கு எழுதியே காலம் கழிக்கும் நாம் வகுத்துப் பார்த்தோம்: ஒரு டன் பொன்னுக்கு நாற்பதாயிரம் டன்னுக்கும் மேற்பட்ட மண் வெளியே கிடக்கின்றது! காற்றுக் காலத்தில் அந்த மண் பறந்து, கீழே உள்ள லைன் வீடுகளின் அடுப்பிலும் தொட்டிலிலும் படிவதை அங்கு உறவினர் உள்ளவர்கள் அறிவர்.

பொன் மட்டுமன்று. ரேணிகுண்டாவிலிருந்து கடப்பை செல்லும் பாதையில், ஓபுலவாரிப்பள்ளிக்கு அருகே மங்கம்பேட்டை உள்ளது. எண்ணெய்க் கிணறு தோண்டுவோர்க்கு இன்றியமையாத பேரைட்ஸ் என்னும் கனமான கனிமம் அங்கே திறந்த பள்ளங்களில் வெட்டப்படுகின்றது. உலகில் ஒரே இடத்தில் அமைந்த மிகப் பெரிய படிவு என அஃது புகழ் பெற்றது. கனிமத்தின் மேலிருந்த பாறையும் மண்ணும் பள்ளத்தைச் சுற்றிக் குன்றுகளாய் நிற்கின்றன. குப்பம், சித்தூர்ப் பக்கங்களிலோ கருங்கல் வெட்டும் குழிகள் பல. மெருகேறிய கல் கப்பலேறிப் போகின்றது. உடைந்த கல் ஊர்ப் புறம்போக்கில் தங்குகின்றது.

ஒரு விதையின் கதை

பாழ்நிலத்தைப் பசுமையாக்கும் முயற்சி நம் பகுதிக்குப் புதிதன்று. அதற்கு ஒரு பழைய கதை உண்டு. பெட்டோம் என்ற ஆங்கிலேயர் சென்னை மாகாணத்தின் காட்டிலாகாத் தலைவராய் விளங்கியவர். தென்னாட்டு மரங்களைப் படம் வரைந்து பெரும் நூல் இயற்றியவர். திருமலைச் சரிவுகளில் மட்டும் இயற்கையாய் வளரும், குட்டையான ஈச்சமரம் போன்ற, மிகப் பழைய இனமான சைகஸ் செடி ஒன்று இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. நம் மலையின் செடிகளை அவரைப் போல் அறிந்த அதிகாரி அக்காலத்தில் அரியர்.

1876ஆம் ஆண்டு. அது தாது வருடம். பெரும் பஞ்சம் தலைகாட்டிய காலம். விறகுக்கும் தட்டுப்பாடு. வறண்ட நிலத்தில் விரைவாய் வளரும் அயல்நாட்டு மரம் ஒன்றின் விதையை வரவழைக்குமாறு பெட்டோம் சென்னை அரசுக்கு எழுதினார். மறு ஆண்டு, 1877இல், கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் அது நடப்பட்டது. ரேணிகுண்டாவிலிருந்து குண்டக்கல் செல்லும் வண்டி கடப்பையைத் தாண்டியபின் வரும் ஸ்டேஷனே அக்கமலாபுரம். மரம் எது என்று அன்பர்கள் ஊகித்திருப்பர்: சீமைக் கருவேல்.

அதன் பெயரிலேயே அதன் வரலாறு அடங்கியுள்ளது. தமிழர் அதைச் சீமைக் கருவேல் என்றனர். எங்கிருந்து வந்தது என்பதை அப்பெயர் சொல்லும். தெலுங்கர் அதைச் சர்க்கார் தும்மா என்றனர்; யார் கொண்டுவந்தார் என்பதை அப்பெயர் சொல்லும். உப்பு மண்ணிலும் அது வளர்ந்தது; வறட்சியிலும் சாகவில்லை; ஏழையின் அடுப்புக்கு விறகும் கரியும் தந்தது. இந்நன்மைகளை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆனால் ஆடுமாடுகள் அதன் இனிய நெற்றைத் தின்று, போகுமிடமெல்லாம் விதையைப் பரப்பின. அது அடர்ந்த இடத்தில் வேறு புல்லும் பூண்டும் தலையெடுப்பது அரிது. ஏரிக்கரை, மேய்ச்சல் நிலம், கைவிட்ட குழி எங்கும் அதுவே ஆயிற்று. சுரங்க மேட்டில் அது தழைத்து நின்றால் தொலைவிலிருந்து பார்ப்பவர்க்குப் பச்சையாகத்தான் தோன்றும். அப்பச்சையின் கீழ் நிலம் மீண்டதா என்று குனிந்து பார்ப்பவர் குறைவு. நம் மலையை நன்கறிந்த ஒருவரே, அவசரத்தில் மலையைக் கேளாமல் கடல் கடந்த விதையைக் கேட்டார். வரலாறு நமக்குத் தரும் பாடம் இஃதே.

அந்த அவசரம் பெட்டோமோடு நின்றுவிடவில்லை. பின்னர் வந்த ஆண்டுகளில் தைல மரமும் சவுண்டலும் பாழ்நிலங்களுக்குப் பொது மருந்தாக வழங்கப்பட்டன. விரைவில் வளர்வது எதுவோ அதை நடு என்பதே அன்றைய முறை.

பிற இடங்கள் கற்றவை

இம்முறையிலிருந்து திரும்பியவர்களும் உண்டு. புதுவைக்கு அருகே ஆரோவில் 1968ஆம் ஆண்டில் தொடங்கியபோது அவ்விடம் மழை அரித்த செம்மண் மேடு. தொடக்கத்தில் ஆஸ்திரேலிய நாட்டுக் கருவேலை நிழலுக்காக நட்டனர். பின்னர் அவ்வட்டாரக் கோயிற் காடுகளில் எஞ்சியிருந்த மரங்களைத் தேடி விதை எடுத்து வளர்த்தனர். 2011ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் தானே புயல் வீசியபோது ஆஸ்திரேலியக் கருவேல் மரங்கள் பெருவாரியாய்ச் சாய்ந்தன. உள்ளூர் மரங்கள் மிகுதியும் தாங்கி நின்றன.

வடக்கே ஜோத்பூர்க் கோட்டையின் பாறைகளில் சீமைக் கருவேல் வேரோடியிருந்தது. 2006ஆம் ஆண்டில் அதை அகற்றத் தொடங்கியபோது, வழிவழியாகக் கல் வெட்டும் தொழிலாளரையே அழைத்தனர். அவர்கள் பாறையைத் தட்டி ஓசையால் அதன் தன்மையை அறிந்து, உளியால் குழி எடுத்து வேரை நீக்கினர். அக்குழிகளில் அப்பாலை நிலத்துக்கே உரிய செடிகள் நடப்பட்டன. தில்லிக்கு அருகே குருகிராமத்தில் கல் வெட்டிச் சிதைந்த ஆரவல்லி நிலம் சுமார் 380 ஏக்கரில், 2010ஆம் ஆண்டு முதல், அம்மலைத்தொடரின் எஞ்சிய காடுகளில் சேகரித்த விதைகளைக் கொண்டு காடு வளர்த்தனர். கடல் கடந்து மேற்கு ஆஸ்திரேலியாவிலும் இதே அனுபவம். அலுமினியக் கனிமம் எடுத்த காட்டில் முதலில் வேற்றிட மரங்களை நட்ட கம்பெனியார், 1988ஆம் ஆண்டு முதல் அக்காட்டின் சொந்த மரங்களையே மீண்டும் வளர்க்கலாயினர். நான்கு இடத்து மண்ணும் ஒரே விடையைத் தருகின்றது: அருகிலுள்ள காட்டைக் கேள்.

நம் மலையைக் கேட்டால்

நம் அருகிலுள்ள காடு சேஷாசலம். 2010ஆம் ஆண்டில் அது உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பாறைப் பிளவில் ஒரு பிடி மண்ணும், ஆண்டில் பாதி நாள் வெயிலும் பெற்று வளரும் செடிகள் அங்கே உள்ளன. கல் மேட்டில் உயிர் வாழும் பயிற்சியை அவை முன்பே பெற்றுவிட்டன. சித்தூர் மாவட்டத்துச் செடிகொடிகளை மாதவ செட்டி முதலிய அறிஞர் தொகுத்து 2008ஆம் ஆண்டில் நூலாகவே வெளியிட்டுள்ளனர். ஆகவே பெயர் தெரியவில்லை என்று சொல்வதற்கும் இடமில்லை.

தேர்ந்தெடுப்பதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, வரிசை. காட்டை ஒரே நாளில் நட இயலாது. முதலில் மண்ணைப் பிடிக்கும் புற்கள் வேண்டும். ஊசிப்புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் அறுகும் அப்பணி செய்யும். உடன், காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சில் சேர்த்து மண்ணுக்குத் தரும் கொழிஞ்சி வேண்டும். அடுத்து ஆவாரையும் விராலியும். கால்நடை இவற்றை எளிதில் தீண்டாது. இவற்றின் நிழலிலும் சருகிலும் மண் சிறிது கறுத்தபின் உசில், வெள்வேல், புங்கு, வேம்பு. அவற்றின் பின் பொரசு, வெக்காலி, ஆச்சா முதலிய வன்மரங்கள். மூத்தோர் முன்னும் இளையோர் பின்னும் அமரும் பந்தி அன்று இது. இங்கே சிறியவையே முதலில் அமர வேண்டும்.

இரண்டாவது, மண்ணின் நோய். எல்லா மேடும் ஒன்றல்ல. கருங்கற் குழியில் நஞ்சு இல்லை, மண்தான் இல்லை. பேரைட்ஸ் மேட்டில் மண்ணும் பாறையும் தலைகீழாய்க் கலந்துள்ளன. பொற்சுரங்கக் கழிவோ மாவு போன்றது; உயிர்ச்சத்து அற்றது; அத்தகைய கழிவில் கந்தகமும் ஆர்செனிக் போன்ற நச்சுப் பொருள்களும் கலந்திருத்தல் கூடும். அங்கே பழமரமும் கீரையும் தீவனப் புல்லும் நடலாகாது. நஞ்சு இலை வழியே ஆட்டுக்கும் ஆட்டின் வழியே மனிதர்க்கும் வந்து சேரும். அவ்விடத்துக்கு விராலி போன்ற, ஆடு கடிக்காத, மண்ணை மட்டும் பிடித்து நிற்கும் செடிகளே தகும். மண்ணைச் சோதித்தபின் செடியைத் தேர்வது, நாடி பார்த்தபின் மருந்து கொடுப்பது போன்றது.

மூன்றாவது, மேல்மண். தோண்டும் முன்பு மேலே உள்ள ஒரு சாண் மண்ணைத் தனியே எடுத்து வைத்து, காலம் தாழ்த்தாமல் மீண்டும் பரப்புதல் வேண்டும். அம்மண்ணில் அவ்விடத்து விதைகள் உறங்குகின்றன. வேருக்கு உணவு ஊட்டும் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் உள்ளன. ஆண்டுக்கணக்கில் குவித்து வைத்தால் அவை மடியும்.

நான்காவது, விதை. வேப்பம் விதை சில வாரங்களிலேயே முளைக்கும் வலியை இழக்கும். விழுந்தவுடன் விதைத்தல் வேண்டும். ஆவாரை, கொழிஞ்சி விதைகளின் தோல் கடினமானது. வெந்நீரில் ஊறவைத்தல் நலம். ஆச்சா மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் நன்கு காய்க்கும்; காய்த்த ஆண்டைத் தவறவிட்டால் காத்திருக்க வேண்டியதே. இவற்றுக்கு முன்கூட்டித் திட்டம் வேண்டும். அயல் மரம் எளிதாய்ப் பரவியதற்கு ஒரு காரணம், அதற்கு இந்தப் பொறுமை எதுவும் தேவைப்படாமையே.

செம்மரத்தின் செய்தி

நம் மலையின் மரம் என்றால் செம்மரத்தைச் சொல்லாமல் விட இயலாது. சேஷாசலம் முதலிய இக்கீழைத் தொடர்ச்சி மலைகளையன்றி உலகில் வேறெங்கும் அது இயற்கையாய்ச் செழித்ததில்லை. கல் மண்ணில் வளர்வது; வேர் முடிச்சால் மண்ணை வளப்படுத்தும் இனத்தது. தகுதியில் அதற்கு நிகரில்லை. ஆயினும் அதன் விலையே அதற்கு யமனாயிற்று. மரத்துக்கு மட்டுமன்று, மனிதர்க்கும். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில், மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்ட தமிழ்க் கூலித் தொழிலாளர் 20 பேர் காவல் துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களின் ஏழைக் குடும்பத்தினர். காவலற்ற சுரங்க மேட்டில் செம்மரத்தை மட்டும் வரிசையாய் நட்டால், இருபது முப்பது ஆண்டுகளில் மீண்டும் கோடரியையும் துப்பாக்கியையும் அங்கே அழைப்பதாகும். பல மரங்களுக்கு நடுவே ஒன்றாக, காவல் உள்ள இடத்தில் அதை நடுவதே அறிவுடைமை.

நாம் செய்யத்தக்கது

2020ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு கட்டளை பிறப்பித்தது. சுரங்கம் ஓய்ந்தபின் அந்நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் செடியும் உயிரினமும் வாழத்தக்கதாய் ஆக்கும் கடமையைச் சுரங்க உரிமையாளர்க்கு விதிக்க வேண்டும் என்பதே அது. இது நம் நாட்டுக்கு நல்ல செய்தி. ஆயினும் எந்தப் புல், எந்தச் செடி என்பதை அவ்வவ்விடத்தார்தாம் சொல்ல வேண்டும். சொல்லாவிடின் எளிதில் கிடைக்கும் நாற்றே வந்து சேரும். 1877ஆம் ஆண்டு மீண்டும் நிகழும்.

காலமும் அருகில் வந்துவிட்டது. தங்கவயலின் அந்த 13 மேடுகளையும் மீண்டும் கிளறி, எஞ்சிய பொன்னை எடுப்பதற்கு 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கர்நாடக அரசு இசைவு தந்தது. கிளறிய மண்ணின் மேல் என்ன வளரும் என்பதைப் பொறுத்தே, கீழே உள்ள லைன் வீடுகளில் பிறக்கும் குழந்தைகள் எக்காற்றைச் சுவாசிப்பர் என்பது அமையும். அவர்களுள் பலர் நம் உறவினரின் குழந்தைகள்.

நாம் அதிகாரிகள் அல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக் கணக்குப் புத்தகத்தோடு வாழ்பவர்கள். எனினும் காலனியில் வாழ்வோர் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. நம் முதியவர்களுக்கு ஆவாரையும் உசிலும் கொழிஞ்சியும் தெரியும். அண்டை வீட்டு முதியவர்களுக்குத் தங்கேடும் வெம்பலியும் தெரியும். இவ்விருவரையும் ஒரு திண்ணையில் அமரச் செய்து, எச்செடி எம்மேட்டில் எப்போது காய்க்கும் என்பதை நம் பிள்ளைகள் இரு மொழியிலும் எழுதிக்கொள்வாராயின், அந்த நோட்டுப் புத்தகம் ஓர் ஆவணமாகும். பாழ்நிலத்துக்கு மரம் தேடும் கூட்டம் எந்த அலுவலகத்தில் கூடினாலும், அதை அங்கே வைத்துப் பேசலாம். இந்தக் குறிப்பை இப்பருவமழைக்கு முன்பே நம் சங்கம் தொடங்குமாக. ஆச்சா காய்க்கும் ஆண்டு எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்லவல்லார் இலர். வரும்போது பொறுக்குவதற்குப் பை ஆயத்தமாய் இருத்தல் வேண்டும்.